மூன்றாம் தண்ணீர்

அந்த நாய்க்கு அம்மை போட்டிருக்கிறது என்று முதலில் சொன்னவள் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்வதுதான் என் பழக்கம். பினாங்கில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கு என்ன வந்தாலும் என்னிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கா, கூரை ஒழுகுகிறதா, மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாரா, எல்லாவற்றுக்கும் நான் வாயைத் திறப்பேன். என் கணவர் இதை இலவச கிளினிக் என்று கேலி செய்வார்.

நாய் பக்கத்து வீட்டு அக்காவுடையது. அக்கா யாழ்ப்பாணக் குடும்பம். அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே குமாஸ்தாவாகக் கப்பலேறி வந்தவர். அக்கா ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தார். ஐம்பதை ஒட்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை. தாயார் போன பிறகு அந்த வீட்டில் அவரும் அந்த நாயும் மட்டும்தான். தவிட்டு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்து தொங்கும். நாய் லைசென்ஸில் எழுதிய பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அக்கா 'ராசா' என்றுதான் கூப்பிடுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காவின் கேட் சத்தம் கேட்டால் அது எங்கே இருந்தாலும் ஓடும். மற்ற நேரமெல்லாம் தகர வேலியின் ஓட்டை வழியாக எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் என் மகளுக்கு அம்மை போட்டது. அப்போது அவளுக்கு ஆறு வயது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்துவிட்டேன். வாசலில் வேப்பிலை சொருகினேன். அடுப்பில் தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை, கூழும் மோரும் இளநீரும்தான். டாக்டர் கிடையாது, மாத்திரை கிடையாது. அம்மை வந்த வீட்டில் மருந்துப் பேச்சையே எடுக்கக்கூடாது என்பது என் அம்மா வீட்டுச் சட்டம். கொப்புளத்தைக்கூட நாங்கள் முத்து என்றுதான் சொல்வோம். முத்து இறங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்கு ஊற்ற வேண்டும். முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி. மூன்றாம் தண்ணி ஊற்றிய பிறகுதான் வாசல் வேப்பிலையை எடுக்கலாம். ஆத்தா போய்விட்டாள் என்று அர்த்தம்.

அத்தனை நாளும் அந்த நாய் மகளின் பாய்க்குப் பக்கத்திலேயே கிடந்தது. விரட்டினாலும் போகவில்லை. மகளுக்குக் குணமாகி இரண்டு வாரம் இருக்கும், ஒரு சனிக்கிழமை அக்கா வேலிப் பக்கம் வந்து கூப்பிட்டார். நாயைத் திருப்பி அதன் வயிற்றைக் காட்டினார். சிவந்த சிறு கொப்புளங்கள். கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் முடி உதிர்ந்திருந்தது.

"அக்கா, இது அம்மைதான்லா. என் மகளுக்கும் மொத நாளு இப்படித்தான் இருந்துச்சு. அவ பக்கத்துலேயே படுத்துக் கெடந்துச்சுல்ல, ஒட்டிக்கிச்சு" என்றேன்.

"நாய்க்கும் அம்மை வருமே பிள்ளை? நான் ஒருக்கால் மிருக டொக்டரிட்டக் காட்டலாம் எண்டு பாக்கிறன்."

"ஐயோ, ஊசி கீசி போட்டுறாதீங்க. ஆத்தா வந்திருக்கிற நேரத்துல மருந்து குடுத்தா உள்ளுக்குள்ள அமுங்கிரும். என்கிட்ட விடுங்க. என் மகளப் பாத்தீங்கதானே, ஒரு தழும்பு இருக்கா?"

மகளின் தழும்பில்லாத முகம்தான் என் சர்டிபிகேட். அக்கா படித்தவர், ஆங்கிலப் பேப்பர் வாங்குகிறவர். அன்றைக்கு என் பேச்சைக் கேட்காமல் நாயைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நான் அவ்வளவு உறுதியாகப் பேசினேன். நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பின்வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து ஒன்றைச் சொருகிவிட்டு வந்தேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாயை வேலி தாண்ட விடவில்லை. அக்கா வீட்டுப் பின் வராந்தாவில் ஒரு சாக்கை விரித்துப் படுக்க வைத்தோம். நான் காலை ஷிப்ட் முடித்து மூன்றரைக்கு வந்துவிடுவேன். அக்கா ஐந்துக்கு வரும்வரை அதோடு இருந்து வேப்பிலைக் கொத்தால் தடவிவிடுவேன், மோர்ச்சோறு வைப்பேன். முடி கொட்டிக்கொண்டே போனது. முழங்கை, தொடை, கழுத்து என்று பரவியது. நான் முத்து இறங்குது, முத்து இறங்குது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து முதல் தண்ணி ஊற்றினேன். நாய் நடுங்கியது. முத்து இன்னும் முழுசாக இறங்கவில்லை என்று இரண்டாம் தண்ணியைத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இன்னும் மூன்று வாரம் ஓடியது.

இரண்டாம் தண்ணி ஊற்றிய அன்று அதன் முதுகைத் தேய்த்தேன். தோல் என் உள்ளங்கையோடு வந்தது. நாய் போட்ட சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. ஒரு கெட்ட வாடை எழுந்தது. அதை இத்தனை நாள் மஞ்சள் மறைத்திருந்தது. அக்கா உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, "நீரும் வாரும், எனக்குத் தனிய ஏலாது" என்று மட்டும் சொன்னார்.

டாக்சிக்காரர்கள் நாயைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் வயதான ஒரு சீன ரிக்‌ஷாக்காரர் நிறுத்தினார். எங்கள் ஊர் ரிக்‌ஷாவில் ஆட்கள் முன்னால் உட்கார்ந்திருக்க, ஓட்டுகிறவர் பின்னால் இருந்து மிதிப்பார். முன்னால் அக்கா மடியில் நாய், பக்கத்தில் நான். காற்று எங்கள் மேல் பட்டுப் பின்னால்தான் போகும். அந்த வாடையை முழுக்க முகர்ந்துகொண்டு அவர் மிதித்தார்.

மிருக டாக்டரும் சீனர்தான், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றார். நான் பார்த்தேன். தொழிற்சாலையில் எட்டு மணி நேரமும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதில் கெட்டிக்காரி என்று சூப்பர்வைசரிடம் பெயர் வாங்கியவள். அங்கே சின்னச் சின்னச் சுருட்டுகள் மாதிரி பூச்சிகள் காலை அசைத்துக்கொண்டிருந்தன. மயிர்க்காலுக்குள் வாழ்கிற பூச்சி, ஒரு வகைச் சொறி, மனிதர்களுக்கு ஒட்டாது என்று டாக்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். மேலே புண் சீழ் பிடித்து ஆழமாகப் போய்விட்டது என்றார். முடியை முழுக்கச் சிரைத்து வாரம் ஒருமுறை மருந்துக் குளியல், தினம் மாத்திரை. வயதான நாய்க்கு இப்படி உடம்பு முழுக்க வந்தால் உள்ளே வேறு பலவீனம் இருக்கலாம், உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றார்.

அக்கா வெளியே போனதும் நான் நின்று டாக்டரிடம் கேட்டேன். ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால்? அவர் கை கழுவிக்கொண்டே, பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார். இரண்டில் முதல் பாதியை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. சாமி மேடை முன்னால் நின்று ஒரு வேண்டுதல் வைத்தேன். இந்த நாய் பிழைத்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறேன் முருகா என்று. யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ரிக்‌ஷா. அதே ரிக்‌ஷாக்காரர் கேட்காமலே காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்பார். முடி சிரைத்த நாயைப் பார்த்து என் மகள் இது நம்ம நாய் இல்லை என்று அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒட்டாது என்று நான் ஒவ்வொருவருக்கும் மைக்ரோஸ்கோப் கதையைச் சொல்லிப் பார்த்தேன். என் கிளினிக்கில் அப்போது யாருக்கும் நம்பிக்கை இல்லை. அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் தண்ணீர்மலைக்குப் போகிறவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் வாடை போகவில்லை என்று கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். 

ஆறாவது குளியலுக்குப் பிறகு ஒரு நல்ல வாரம் வந்தது. முதுகில் பூனை முடி மாதிரி கொஞ்சம் முளைத்தது. நாய் எழுந்து கேட் வரைக்கும் போய் அக்காவைக் கூட்டி வந்தது. அக்கா தீபாவளி கழிந்து இரண்டு வாரம் ஆன பிறகு முறுக்குச் சுட்டு எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா அனுப்பினார். நான் அந்த முறுக்கைத் தின்றுகொண்டே பால்குடத்துக்கு மஞ்சள் புடவை வாங்குவதைப் பற்றி யோசித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

டிசம்பரில் எல்லாம் திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக. நான்கு பாதமும் வீங்கி விரலிடுக்கில் சீழ் வைத்தது. நாயால் நிற்க முடியவில்லை. டாக்டர் அன்றைக்கு மைக்ரோஸ்கோப்பைத் தொடவே இல்லை. நாயின் தலையைத் தடவிக்கொண்டு அக்காவிடம் மெதுவாகப் பேசினார். இனி மருந்து கொடுப்பது வலியை நீட்டுவதுதான், ஓர் ஊசியில் தூங்க வைத்துவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். இன்னும் ரெண்டு குளியல் பார்க்கலாம் டாக்டர், போன தடவை முடி முளைத்ததே என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். சரி, வீட்டுக்குப் போவம் என்றார்.

அடுத்த வாரமும் நான் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொன்னேன். மாத்திரையைச் சோற்றில் ஒளித்து வைத்தேன், சோற்றைத் தின்னாதபோது வாயைப் பிளந்து போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு அடுப்பங்கரையில் அப்படி மாத்திரை பொடித்துக்கொண்டிருந்தேன். அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, நாளைக்கு டொக்டருக்குப் போன் பண்ணுவம் எண்டு நினைக்கிறன்."

எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதுதான் வேண்டுதலை வெளியே விட்டேன்.

"அக்கா, நான் பால்குடம் எடுக்கிறதா வேண்டிக்கிட்டேன். தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. அதுவரைக்கும் பொறுங்கக்கா. முருகன் கைவிட மாட்டாரு."

 அக்காவின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை.

"நீர் அவனுக்காகக் கேக்கிறீரோ, உமக்காகக் கேக்கிறீரோ?"

நான் மாத்திரையைப் பொடித்துக்கொண்டே இருந்தேன்.

"எனக்கு உம்மில கோவமில்லை பிள்ளை. உம்மட சொல்லைக் கேட்டது நான்தானே. ஆனா உம்மட மனம் ஆறுறதுக்கு அவன் இன்னும் எத்தனை நாள் நோகோணும்?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை கூட வரவில்லை. மூன்று மாதம் அந்தச் சீழைத் துடைத்தவள் நான், லீவெல்லாம் இதற்கே கரைத்தவள் நான், எனக்கா இந்தப் பேச்சு என்று பொருமினேன். மாத்திரைக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். திங்கள்கிழமை வேலை முடிந்து வந்தும் அங்கே போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாய் முனகுவது கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். இதை எழுதும்போது என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இருந்தாலும் நடந்தது இதுதான்.

செவ்வாய்க்கிழமை தாங்கவில்லை, போனேன். பின் வராந்தாவில் நாய் சாக்கின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. என் காலடி கேட்டதும் வாலை ஆட்டியது. எழுந்திருக்கப் பார்த்தது. சீழ் காய்ந்து விலாவோடு சாக்கு ஒட்டிப்போயிருந்தது. என்னிடம் வருவதற்காக அது எழுந்தபோது விலாத்தோல் சாக்கோடு கிழிந்தது. அப்படியும் அது கத்தவில்லை. இரண்டு எட்டு வைத்து என் கால் மேல் மோவாயை வைத்துக்கொண்டது.

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஐந்து மணிக்கு அக்கா வந்தபோதும் அங்கேயேதான் இருந்தேன். கேட் சத்தத்துக்கு நாயின் நிமிர்ந்த காது மட்டும் அசைந்தது. அது எழுந்து ஓடவில்லை. அக்கா கைப்பையைக்கூட வைக்காமல் வந்து நின்றார்.

"போதும்க்கா" என்றேன். "இனி நான் பேச மாட்டேன். உங்க மனசுபோல செய்ங்க."

"ஓம்" என்றார். பிறகு என் பக்கத்தில், தரையில், ஆபீஸ் சேலையோடு உட்கார்ந்தார். 

அக்கா சனிக்கிழமை என்று டாக்டரிடம் சொல்லிவைத்தார். ரிக்‌ஷா வழக்கமாக வருகிற நாள்தானே. அந்த மூன்று நாளும் மாத்திரை கிடையாது, மருந்துக் குளியல் கிடையாது. நாய்க்கு என்ன பிடிக்குமோ அதையெல்லாம் கொடுத்தோம். அக்கா பாசாரிலிருந்து கோழி ஈரல் வாங்கி வந்து வேகவைத்துக் கையால் ஊட்டினார். பாதியைத்தான் தின்றது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு நான் போனபோது முற்றத்தில் வெயில் படுகிற இடத்தில் ஒரு பித்தளைப் பானை இருந்தது. உள்ளே மஞ்சள் தண்ணீர். மேலே வேப்பிலை மிதந்தது. அக்காவே எங்கள் வீட்டு வேப்ப மரத்தில் பறித்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. 

"என்னக்கா இது?"

"மூண்டாம் தண்ணி இன்னும் ஊத்தேல்லை எல்லே" என்றார். "தொடங்கினது நீர். நீரே ஊத்தும்."

என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். குத்திக் காட்டுகிற முகம் இல்லை அது. ஒரு காரியத்தைப் பாதியில் விடப் பிடிக்காத ஒரு மனுஷியின் முகம். அவருக்கு இந்தத் தண்ணியில் நம்பிக்கை கிடையாது. எனக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

அக்கா நாயை மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் செம்பில் மொண்டு மெல்ல ஊற்றினேன். தேய்க்கவில்லை, கையால் தொடவே இல்லை. வெயில் பட்ட தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. குளிக்க வைத்தால் உதறிக்கொண்டு ஓடுகிற நாய், அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தது. "இதமாக் கிடக்கே ராசா?" என்று அக்கா அதன் காதில் கேட்டார். நான் ஊற்ற ஊற்ற அவருடைய சேலையெல்லாம் மஞ்சளானது. ஆத்தா, என்னை மன்னிச்சிரு என்று மனசுக்குள் சொன்னேன். நாயிடம் சொன்னேனா, அம்மனிடம் சொன்னேனா, அக்காவிடம் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு ரிக்‌ஷா வந்தது. புதுத் துண்டில் சுற்றிய நாயைப் பார்த்து ரிக்‌ஷாக்காரருக்கு என்ன புரிந்ததோ, அன்றைக்கு மிக மெதுவாக மிதித்தார். டாக்டர் அறையில் அக்கா தலையைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறியது. "நான் இஞ்சதான் நிக்கிறன் ராசா, இஞ்சதான்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த கால் கனத்தது. நான் தொழிற்சாலையில் எத்தனையோ குறைகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். என் கையில் அது எந்தக் கணத்தில் போனது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் அக்கா வீட்டுப் பின்புறம் குழி வெட்டி வைத்திருந்தார். புதைத்துவிட்டு அவர் மண்வெட்டியைக் கழுவப் போனார். அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். டீ போட்டுத் தரட்டுமாக்கா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் பார்வை வாசல் நிலையின் மேல் போனது. நானும் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன்னால் நான் சொருகிய வேப்பிலைக் கொத்து அங்கேயே இருந்தது. டாக்டரிடம் போனோம், மைக்ரோஸ்கோப்பில் பூச்சியைப் பார்த்தோம், அது அம்மையே இல்லை என்று தெரிந்தது. அப்படியும் அக்கா அதை எடுக்கவில்லை.

"தண்ணி ஊத்தியாச்சுத்தானே" என்றார் அக்கா. "இனி அதை எடும் பிள்ளை."

நான் நாற்காலி போட்டு ஏறினேன். தொட்டதும் இலையெல்லாம் பொடிப்பொடியாகக் கொட்டியது. வெறும் ஈர்க்கு மட்டும் என் கையில் மிஞ்சியது. அக்கா விளக்குமாற்றை எடுத்து வந்து படியைக் கூட்ட ஆரம்பித்தார்.